பத்மினிய ஒன்றரை இன்ச்சு எறக்கணும், பட்ஜெட் கம்மி, வேலூர் பக்கம் யாராவது செஞ்சிருக்கீங்களா?

காட்பாடி பத்மினி:
வணக்கம்ணா எல்லாருக்கும். நம்மகிட்ட 83 மாடல் பிரீமியர் பத்மினி ஒண்ணு கீது, அப்பா ஓட்டின வண்டி. இஞ்சின் வேலை முடிஞ்சு நல்லா ஓடுது, பெயிண்டும் ஆச்சு. ஒரே குறை, காலியா நிக்கறப்ப பின்னாடி தூக்கிகினு நிக்குது, முன்னாடி டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல கைய முழுசா உள்ள விடலாம், அவ்ளோ கேப். ஒன்றரை இன்ச்சு எறக்கினா ரோட்டுல உக்காந்த மாதிரி லட்சணமா இருக்கும்னு ரொம்ப நாள் ஆசை. மொத்தமே 15 ஆயிரம் தான் ஒதுக்க முடியும். வெளிநாட்டு வண்டிங்களுக்கு லோயரிங் கிட்டுன்னு ரெடிமேடா வருது, நம்ம வண்டிக்கு அந்த மாதிரி எதுவும் கைக்கு கிடைக்கல. ஒரு பட்டறைல கேட்டேன், முன்னாடி காயில் ஸ்ப்ரிங்ல கேஸ் வெச்சு சூடு காட்டினா தன்னால எறங்கிடும், பின்னாடி பட்டை பட்டையா அடுக்கின ஸ்ப்ரிங்ல ரெண்டு பட்டைய உருவிடலாம், அரை நாள் வேலைன்னாங்க. செய்யலாமா? வண்டி தெனம் காட்பாடில இருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்கு போவுது, அப்பப்ப ஃபேமிலியோட திருப்பதி.

பாலாறு பட்டறை:
தம்பி, கேஸ் மட்டும் வேணாம். யார் சொன்னாலும் வேணாம். ஸ்ப்ரிங் எஃகுக்கு அந்த குணம் வர்றதே கம்பெனில சூடு பண்ணி, எண்ணெய்ல அமுக்கி, மறுபடி அளவா சூடு காட்டி எடுக்கறதால தான். கேஸ் கொழாய வெச்சு செவக்க காச்சினா சூடு பட்ட அந்த ரெண்டு சுத்து மட்டும் செத்துடும், மத்த சுத்துங்க அப்படியே நிக்கும். அன்னைக்கு அழகா எறங்கின மாதிரி தெரியும். அப்புறம் நாளாக ஆக எறங்கிகினே போவும், இடதும் வலதும் ஒரே அளவா எறங்கவும் செய்யாது, பிரேக் புடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஒரு நாள் பள்ளத்துல விட்டா உடைஞ்சே போவும். கேஸ் வெச்ச ஸ்ப்ரிங்க திருப்பி பழைய மாதிரி கொண்டு வரவே முடியாது, தூக்கிப் போட வேண்டியது தான்.

பட்டை உருவற கதையும் அதே தான். ரெண்டு பட்டைய எடுத்தா காலி வண்டி எறங்கும், சரி. பின்னாடி மூணு பேர் உக்காந்து டிக்கில மூட்டை ஏத்தி திருப்பதி கெளம்பினா மிச்சம் இருக்கற பட்டைங்க எல்லாத்தையும் தாங்கணும், மெயின் பட்டை, முனைல வளையமா சுருட்டின கண்ணு கிட்ட விட்டுக்கும். உனக்கு வேணும்கறது உயரம் குறையறது, பலம் குறையறது இல்ல. ரெண்டும் வேற வேற விஷயம், அதை அந்த பட்டறைல யாரும் யோசிக்கல போல.

மொதல்ல ஒண்ணு பண்ணு. வண்டிய சமமான தரைல விட்டு, கொஞ்சம் முன்னாடி பின்னாடி உருட்டி நிறுத்திட்டு, நாலு வீல்லயும் ஹப்பு நடுவுல இருந்து ஃபெண்டர் ஓரம் வரைக்கும் டேப் புடிச்சு அள. தரைல இருந்து அளக்காத, டயர் காத்து வித்தியாசம் அதுல சேந்துடும். அளவு போடு, அப்புறம் பேசலாம்.

ஆம்பூர் அம்பாசடர்:
பத்மினிக்கு இல்ல, இருந்தாலும் இந்த இழைய தேடி வர்றவங்களுக்கு சொல்லிடறேன். அம்பாசடர்ல முன்னாடி காயிலே கெடையாது, டார்ஷன் பார். நீளமான இரும்புக் கம்பி, முறுக்கறதுல தான் அது ஸ்ப்ரிங்கா வேலை செய்யுது. முனைல பல்லு இருக்கும், லோடை எறக்கிட்டு பல்ல மாத்தி உக்கார வெச்சா உயரம் மாறும், அறுக்கறது வெட்டறது எதுவும் வேணாம், கூலி மட்டும் தான் செலவு. ரெண்டே எச்சரிக்கை. இடது பாரை வலதுல போடாதீங்க, ஒரு பக்கமா முறுக்கிப் பழகின கம்பி அது, எதிர்ப்பக்கம் முறுக்கினா உடையும். பார் மேல உளி, சுத்தியல் படாம பாத்துக்கங்க, சின்ன கீறல் கூட பின்னால விரிசலாயிடும். அடையாளம் வேணும்னா பெயிண்ட்ல வைங்க.

ராணிப்பேட்டை லேத்:
பின்னாடிக்கு நான் சொல்றேன். பட்டைய எடுக்காம, கமான, அதாவது பட்டையோட வளைவ தட்டி நிமுத்தாம எறக்கணும்னா பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஒரு கட்டி, பிளாக் வெக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி வண்டிக்கு கீழ படுத்து ஒரு வாட்டி கண்ணால பாருப்பா, ஆக்சில் பட்டைக்கு மேல உக்காந்துகினு கீதா, இல்ல பட்டை ஆக்சிலுக்கு மேல கீதான்னு. ஆக்சில் மேல இருந்தா நடுவுல பிளாக் வெச்சதும் பட்டை கீழ தள்ளப்படும், பாடியும் அது கூடவே எறங்கும். பட்டை மேல இருந்தா அதே பிளாக் வண்டிய இன்னும் தூக்கி வுட்டுடும். நிறைய பேரு இத பாக்காமலே நெட்டுல படம் பாத்துட்டு பிளாக் செய்யச் சொல்லி வர்றாங்க.

பிளாக்னா கட்டியான மைல்ட் ஸ்டீல், இல்ல நல்ல அலுமினியம். மரக்கட்டை கூடாது, பைப்ப வெட்டி வெல்டு வெச்சது கூடாது, ரெண்டு மூணு தகட்ட அடுக்கறதும் கூடாது. ஒரு பக்கம், பட்டைங்கள சேத்துப் புடிக்கற சென்டர் போல்ட் தலை உக்கார்ற குழி, மறுபக்கம் அதே அளவுல ஆக்சில் சீட்டுல போய் உக்கார்ற மொளை. அந்த குழியும் மொளையும் தான் ஆக்சில முன்ன பின்ன நகராம புடிக்குது, அதுல லூஸ் இருந்தா வண்டி பின்பக்கம் தனியா ஸ்டியரிங் அடிக்கும். மேல் தளமும் கீழ் தளமும் சமமா இருந்தா ஆக்சில் நடுவுல இருக்கற டிஃப்ரன்ஷியலோட மூக்கு கோணம் மாறாது, சரிவா செஞ்சுட்டா கியர்பாக்ஸ்ல இருந்து அதுக்கு வர்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் உதறும். ஆக்சிலயும் பட்டையையும் சேத்துக் கட்டற யூ போல்ட் புதுசா நீளமா போடணும், பழச இழுத்துப் புடிச்சு மாட்டாத. சிப்காட் பக்கம் எந்த லேத்துக்குப் போனாலும் இந்த வேலை தெரிஞ்சவங்க கீறாங்க, இந்த ஊர்ல லேத்துக்கா பஞ்சம்.

ஒரிஜினல் போதும்:
எல்லாரும் எப்படி எறக்கறதுன்னே பேசறீங்க, எறக்கலாமான்னு யாரும் கேக்கல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52வது பிரிவு, ஆர்சி விவரம் கம்பெனி குடுத்ததுல இருந்து மாறிப் போற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுன்னு இருக்கு. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கேரளாவுல இருந்து வந்த ஒரு வழக்குல கம்பெனி ஒரிஜினல் அமைப்ப மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஓனர் சட்டத்துக்கு விரோதமா வண்டிய மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்.

15 வருஷம் தாண்டின வண்டி, 5 வருஷத்துக்கு ஒருக்கா ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசுக்கு கொண்டு போய் காட்டியே ஆகணும். இன்னொண்ணு, 2021ல விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி வந்துச்சு, 50 வயசு தாண்டி ஒரிஜினல் உருவத்துல இருந்தா ‘VA’ன்னு எழுத்து போட்ட தனி நம்பர் வாங்கலாம். உன் வண்டி 83ன்னா 2033ல 50 ஆகுது. இன்னும் கொஞ்ச வருஷம் தான். அப்பா வண்டின்னு வேற சொல்ற. அதுக்குள்ள ஸ்ப்ரிங்க அறுத்து பட்டைய தட்டி வெச்சுட்டு அன்னைக்கு ஒரிஜினல் பார்ட்ஸ எங்க போய் தேடுவ?

காட்பாடி பத்மினி:
அண்ணா நீங்க சொல்றது புரியுது, அதனால தான் முன்கூட்டியே கேக்கறேன். திருப்பி பழைய நிலைக்கு கொண்டு வர முடியாத எதையும் செய்யறதா இல்ல.

அளந்துட்டேன். முன்னாடி இடது 388, வலது 376. பின்னாடி இடது 405, வலது 401. எல்லாம் மில்லிமீட்டர். முன்னாடி வலது 12 மில்லி கம்மியா கீது, ஏன்னு தெரில. பின்னாடி ஆக்சில் பட்டைக்கு மேல தான் கீது, டார்ச் அடிச்சு பாத்து போட்டோவும் எடுத்தேன். முன் வீல தாங்கற கை, அதான் கீழ விஷ்போன், அதோட மூட்டுல இருக்கற புஷ் ரப்பர் வெடிச்சு ஓரத்துல பிதுங்கிகினு கீது, கை வெச்சா தூளா உதிருது. ஷாக் அப்சார்பர் ரெண்டுலயும் எண்ணெய் கசிவு.

பாலாறு பட்டறை:
இப்ப விஷயம் வெளிய வருது பாரு.

வலது பக்கம் 12 மில்லி எறங்கினது டிரைவர் பக்கம். வருஷக்கணக்கா பெரும்பாலும் ஒரே ஆள் உக்காந்து ஓடின வண்டில வலது முன் ஸ்ப்ரிங் தான் மொதல்ல தளரும். அதோட உன் புஷ்ஷும் வெடிச்சிருக்கு. ஆக முன்னாடி வலதுல உன் வண்டி ஏற்கனவே அரை இன்ச்சு தானா எறங்கி நிக்குது. இந்த நிலைல ரெண்டு ஸ்ப்ரிங்கையும் ஒரே அளவு அறுத்தா கோணல் அப்படியே கோணலா தான் இருக்கும், அலைன்மென்ட் கடைல போய் நின்னா மிஷின்ல நம்பர் உக்காரவே உக்காராது.

அதனால காச எங்க போடணும்னா மொதல்ல புஷ், முன் வீல் திரும்பற அச்சான கிங்பின்ல ஆட்டம் இருந்தா அது, அப்புறம் ஷாக் நாலும். உன் 15 ஆயிரத்துல பெரும்பங்கு இங்கயே போயிடும், போகட்டும். எறக்கின வண்டிக்கு ஸ்ப்ரிங் ஓடற தூரம் கம்மி, கம்மியான தூரத்துல ஆட்டத்த அடக்கணும்னா ஷாக் உயிரோட இருந்தே ஆகணும். கசியற ஷாக்க வெச்சுகினு எறக்கின வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடி வாங்கும்.

புஷ் மாத்தறப்ப ஒரு விஷயம், இது நிறைய பட்டறைல செய்யறதில்ல, நீ கூடவே நின்னு பாத்துக்கோ. விஷ்போன் புஷ் போல்ட்ட வண்டி தூக்கி, வீல் தொங்கிகினு இருக்கறப்ப ஃபுல் டைட் பண்ணக் கூடாது. லேசா மாட்டிட்டு, வண்டிய தரைல எறக்கி, முழு வெயிட்டும் உக்காந்த பெறகு டைட் பண்ணணும். இல்லன்னா ரப்பர் தொங்கற நிலைல இறுகிடும், வண்டி எறங்கினதும் எப்பவும் முறுக்கிகினே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பா காட்டும். பின்பட்டை கண்ணு புஷ்ஷுக்கும் இதே தான்.

இதெல்லாம் ஆன பெறகு மறுபடி அள. அதுக்கப்புறமும் முன்னாடி எறக்கணும்னு தோணினா உன் ஒரிஜினல் ஸ்ப்ரிங்க தொடாத. அத கழட்டி கிரீஸ் தடவி சாக்குல சுத்தி மேல வெச்சுடு. சென்னை புதுப்பேட்டைல பத்மினி பழைய ஸ்ப்ரிங் ஜோடியா தேடு, ரெண்டும் ஒரே உயரமா நிக்குதான்னு தரைல பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்து வாங்கு, அறுக்கறதா இருந்தா அத அறு.

அறுக்கறதுலயும் கணக்கு இருக்கு. ஸ்ப்ரிங்கோட கடினம் வேலை செய்யற சுத்து எண்ணிக்கைக்கு நேர் எதிர். பேச்சுக்கு 8 சுத்து வேலை செய்யுதுன்னு வெச்சுக்கோ, ஒண்ண அறுத்தா 7, 8ஐ 7ஆல வகுத்தா கடினம் சுமார் 14 சதவீதம் ஏறிடும். அது நல்லது தான், தூரம் கம்மியான வண்டிக்கு கொஞ்சம் கெட்டியா இருக்கணும். ஆனா ஸ்ப்ரிங் விஷ்போன்ல வீலுக்கு உள்பக்கமா உக்காந்திருக்கு. ஸ்ப்ரிங் கிட்ட 10 மில்லி குறைஞ்சா வீல் கிட்ட அதைவிட ஜாஸ்தியா எறங்கும், பாதி தூரத்துல இருந்தா 20. அதனால எடுத்த எடுப்புல ஒரு சுத்துன்னு போவாத. அரை சுத்து அறு, மாட்டு, உருட்டு, அள. அறுத்தத ஒட்ட முடியாது. கட்டிங் வீல் வெச்ச கிரைண்டர்ல, ஈரத்துணிய பக்கத்து சுத்துல போட்டுகினு அறுக்கணும், கேஸ் கட்டர் இங்கயும் கூடாது. முனை தட்டையா தேச்ச மாதிரி இருந்தா அந்த முனைய தொடாத, சீட்டுல உக்காராது. கடைசியா, வண்டிய ஜாக்கில தூக்கி வீல் முழுசா தொங்கறப்ப ஸ்ப்ரிங் லூசாகி சீட்ட விட்டு ஆடுதான்னு பாரு. ஆடினா அது ரோட்டுக்கு லாயக்கில்ல.

ஸ்ப்ரிங்க கழட்டறப்ப அத அமுக்கிப் புடிக்கற ஸ்ப்ரிங் கம்ப்ரெசர் இல்லாம கை வெக்காத. அமுங்கி இருக்கற காயில் தெறிச்சா ஆளக் கொன்னுடும். வண்டிய ஸ்டாண்டுல நிறுத்து, ஜாக்கி மட்டும் நம்பி கீழ போவாத, செங்கல் அடுக்கவே அடுக்காத.

ஹெரால்டு குடியாத்தம்:
ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வெச்சிருக்கேன், நம்ம சென்னைலயே செஞ்ச வண்டி. அதுல பின்னாடி குறுக்கால ஒரே பட்டை, ஸ்விங் ஆக்சில், அதாவது ரெண்டு பக்கமும் தனித்தனியா மேல கீழ ஆடற ஆக்சில். அத எறக்கினா வீல் மேல்பக்கம் உள்ள சாயும், வளைவுல வீல் உள்ள மடங்கற பயம் அதனால குறையும், ஆனா டயர் உள்ஓரம் சீக்கிரம் தேயும். அதுக்கப்புறம் வந்த ஸ்டாண்டர்ட் கெசல்ல நேர் ஆக்சில், அதுக்கு இந்தக் கணக்கு வேற. ஹெரால்டுக்காரங்க பத்மினி வழிய அப்படியே எடுத்துக்காதீங்க.

காட்பாடி தம்பிக்கு ஒரு யோசனை, சஸ்பென்ஷன தொடாமலே கொஞ்சம் எறங்கலாம். இப்ப என்ன டயர் போட்டிருக்கீங்க? 155/80 ஆர் 14னா டயர் மொத்த விட்டம் சுமார் 604 மில்லி. 165/65 ஆர் 14 போட்டா சுமார் 570. விட்டத்துல 34 குறையுது, வண்டி அதுல பாதி, 17 மில்லி எறங்கும். முக்கால் இன்ச்சுக்கு கிட்ட. அதுவும் கடைல சாதாரணமா கிடைக்கற சைஸ். ரிம் அகலம் மட்டும் பாத்துக்கங்க, அந்த டயருக்கு குறைஞ்சது நாலரை இன்ச்சு வேணும், 5 இருந்தா நல்லது. ஸ்பீடாமீட்டர் சுமார் 6 சதவீதம் கூட காட்டும், கிலோமீட்டரும் கூட ஓடும். ஃபெண்டர் கேப் மட்டும் இதுல குறையாது, ஜாஸ்தி தான் ஆகும், அது தான் இதுல இருக்கற வில்லங்கம்.

காட்பாடி பத்மினி:
ரிம் நாலு இன்ச்சு தான் வருதுண்ணா. அப்ப டயர் வேணாம், கேப்பும் ஜாஸ்தியாவுதுன்னா நான் கேட்டதே அதுக்கு நேர் எதிர். பின்னாடிக்கு பிளாக், முன்னாடிக்கு மொதல்ல புஷ்ஷும் ஷாக்கும். பிளாக் ஒன்றரை இன்ச்சு வெச்சுடலாமா லேத் அண்ணா?

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு:
நடுவுல வரேன் மன்னிக்கணும். ஒன்றரை இன்ச்சு கேக்கறதுக்கு முன்னாடி நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர நெனச்சுக்கங்க. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொன்ன அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறி எறங்கற மாதிரி வழவழன்னு இருக்கணும். தெருவுக்கு தெரு இருக்கறது அப்படியா இருக்கு? ஒரு கை அகலத்துல செங்குத்தா நிக்குது, ஏத்தினா முன் வீல் எறங்கறதுக்குள்ள சைலன்சர் இடிக்கும். எனக்கு கோவம் வண்டிய எறக்கறவங்க மேல இல்ல, அந்த மேட்ட போட்டவங்க மேல தான். ஆனா ஓட்டப்போறது நீங்க. வேலூர் கிரீன் சர்க்கிள்ல மழைத்தண்ணி நின்னா எறக்கின வண்டி என்ன ஆகும்னும் யோசிங்க.

பாலாறு பட்டறை:
சர்வீஸ் ரோடு சொல்றது நூத்துக்கு நூறு சரி. தம்பி, ஒன்றரை வேணாம், ஒரு இன்ச்சு வெய். காரணம் ஆக்சிலுக்கு மேல சேசிஸ்ல ஒட்டிகினு இருக்கற பம்ப் ரப்பர். இப்ப அதுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல எவ்ளோ எடம் இருக்கோ அதுல இருந்து பிளாக் உயரம் அப்படியே கழியும். வண்டில அஞ்சு பேரையும் ஏத்தி உக்கார வெச்சு அந்த எடத்த அள. பிளாக் போட்டும் ரெண்டு இன்ச்சாவது மிச்சம் இருக்கணும்கறது என் கணக்கு. ரப்பர பாதியா அறுத்து எடம் பண்ணலாம்னு யாராவது சொன்னா கேக்காத, ஆக்சில் நேரா இரும்புல போய் அடிக்கும்.

இடிக்குதா இல்லையான்னு கண்டுபுடிக்க செலவில்லாத வழி இருக்கு. புள்ளையார் புடிக்கற களிமண்ண கெட்டியா பிசைஞ்சு ஒரு விரல் உயரத்துக்கு பம்ப் ரப்பர் நுனில ஒட்டு. ஃபேமிலிய ஏத்திகினு வழக்கமா போற ரோட்டுல ஒரு சுத்து போ, ஸ்பீடு பிரேக்கர்ங்க மேலயும் ஏத்து. வந்து பாத்தா மண்ணு எவ்ளோ நசுங்கியிருக்கோ அவ்ளோ தூரம் ஆக்சில் வந்திருக்கு. சப்பையா நசுங்கி ரப்பர் தெரிஞ்சா பிளாக்க கழட்டி இன்னும் கால் இன்ச்சு கொற. நசுங்காம இருந்தா நிம்மதியா ஓட்டு.

முன்னாடிக்கும் ஃபுல் கட் ஒடிச்சு டயர் ஃபெண்டர்லயோ உள்பக்கமோ உரசுதான்னு பாக்கணும், நின்ன இடத்துல ஒடிச்சா தெரியாது, லோடு சாயணும். ஏலகிரி ஏறினா 14 கொண்டை ஊசி வளைவும் உனக்கு அந்த டெஸ்ட்ட பண்ணிக் குடுத்துடும். அதுக்கப்புறம் கட்டாயமா வீல் அலைன்மென்ட். உயரம் மாறினா டோ, அதாவது வீல் முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கற அளவு மாறும், வீல் சாயற அளவான கேம்பரும் மாறும், விட்டா டயர் காச கரைச்சுடும்.

ஒரிஜினல் போதும்:
ஒரு இன்ச்சு பிளாக்கு, நாலு போல்ட் கழட்டினா பழையபடி, ஸ்ப்ரிங்க தொடல, பட்டைய தொடல. இந்த அளவுக்கு ஒத்துக்கறேன். இருந்தாலும் சட்டத்துல என் நிலை மாறல, ஆர்சி புதுப்பிக்க போறப்ப பிளாக்க எடுத்துட்டு போ, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி தெரியப்படுத்து. விபத்துன்னு வந்து சொல்லாத மாற்றம் ஒண்ணு கண்ணுல பட்டா க்ளெய்ம்ல தகராறு பண்ண அவங்களுக்கு அது போதும். ஸ்ப்ரிங் அறுக்கற வேலைய அடியோட விட்டுடுன்னு தான் இன்னும் கேட்டுக்கறேன்.

காட்பாடி பத்மினி:
சரிண்ணா. முடிவு பண்ணிட்டேன். இந்த மாசம் புஷ்ஷும் ஷாக்கும், பின்னாடி ஒரு இன்ச்சு பிளாக். முன்னாடி புது புஷ்ஷோட வண்டி எங்க உக்காருதுன்னு பாத்துட்டு அப்படியே விட்டாலும் விட்டுடுவேன், ஸ்ப்ரிங் அறுக்கறது இப்போதைக்கு இல்ல. பின்னாடி எறங்கினாலே தூக்கின லுக் போயிடும்ல. லேத் அண்ணா, ஞாயித்துக்கெழமை கடை இருக்குமா? ஆற்காடு வழியா தான் வருவேன், மக்கன் பேடா வாங்கிகினு வரேன்.

ராணிப்பேட்டை லேத்:
ஞாயிறு மத்தியானம் வரைக்கும் இருப்பேன். வர்றப்ப ரெண்டு பக்கத்து பட்டை அகலத்தையும், ஆக்சில் குழாய் விட்டத்தையும் வெர்னியர்ல அளந்து எழுதிகினு வா, டேப் அளவு எனக்கு பத்தாது. பழைய யூ போல்ட் ஒண்ண கழட்டி கொண்டா, வளைவும் மரையும் அத பாத்து தான் செய்வேன். முடிஞ்சா சென்டர் போல்ட்டும். அதோட தலை தேஞ்சிருந்தா பிளாக் குழில லூஸ் வரும், அத புதுசா போட்டுட்டு தான் பிளாக்க கடைவேன். மாட்டினதும் ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு யூ போல்ட் நட்ட எல்லாத்தையும் மறுபடி ஒரு டைட், வண்டி தரைல நிக்கறப்பவே.